கட்டத்துணி ஞாயிறு

வியாழக்கிழமை

அடியே,

இன்று காலை சர்ச் பின்னறையில் தகரப்பெட்டியைத் திறந்தேன். அந்துருண்டை வாசனை குப்பென்று மூக்கில் ஏறியது. "மூடுடி, மூச்சு முட்டுது" என்று நீ பக்கத்தில் நின்று கத்துவாயே, அதற்குக் காத்திருந்தவள் மாதிரி ஒரு நிமிஷம் அப்படியே நின்றேன். ஒன்றும் கேட்கவில்லை. மடித்த மேசைவிரிப்புகள், பழைய பாட்டுப் புத்தகங்கள், அவற்றின் மேல் வெள்ளைத் துணியில் சுற்றிய அது. ஜூலை மழையில் நீ போனதிலிருந்து பெட்டிச் சாவி என் இடுப்பில்தான் கிடக்கிறது. நீ இல்லாமல் வருகிற முதல் கட்டத்துணி ஞாயிறு இது. அந்தத் துக்கமே எனக்குப் போதும். அதன் மேல் இன்னொன்றும் வந்து உட்கார்ந்திருக்கிறது. அதைச் சொல்ல எனக்கு வேறு நாதி இல்லை. விஷயம் தெரிந்தவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர்; அதில் ஒருத்தி நீ, மண்ணுக்குள் போய்விட்டாய்.

மக்ரே துரையின் பேத்தி வருகிறாள். இந்த ஞாயிற்றுக்கிழமையே வருகிறாள்.

பாங்காக்கில் மகன் வீட்டுக்கு வந்த கிழவியாம். இரண்டு நாள் ரங்கூனுக்கும் வந்துவிட்டுப் போகப் போகிறாளாம். நம் போதகர் சயாவுக்குக் கடிதம் போட்டிருக்கிறாள். தாத்தா யுத்தத்துக்குப் பயந்து கப்பலேறிய அன்று தோளில் கிடந்த கட்டத்துணியைச் சர்ச்சுக்குக் கொடுத்துவிட்டுப் போனார் என்று வீட்டில் சொல்லக் கேட்டிருக்கிறாளாம். அதை ஒரு தரம் தொட்டுப் பார்க்க வேண்டுமாம். அதோடு விட்டாளா? அதே கட்டத்தில் தன்னிடம் ஒரு கழுத்துத் துண்டு இருக்கிறதாம், அதைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுக்க வேண்டுமாம். சயா அந்தக் கடிதத்தை எனக்குப் படித்துக் காட்டிவிட்டு, "ஆன்ட்டி, நல்லா தட்டி வையுங்க, தூசி இருக்கப் போகுது" என்று சிரித்தார். நான் தலையை ஆட்டினேன்.

உனக்குத் தெரியாத கதையா? இருந்தாலும் முதலிலிருந்து எழுதிப் பார்க்கிறேன். எழுதினால் படபடப்பு கொஞ்சம் அடங்குமா என்று பார்க்கிறேன்.

நவம்பர் கடைசி ஞாயிறு. ஸ்காட்லாந்து துரைமார் அரிசியில் சம்பாதித்துக் கட்டிய சர்ச்சில், அவர்கள் போய் எத்தனையோ காலம் ஆன பிறகும், நாம் அவர்கள் ஆராதனையை விடாமல் நடத்துகிறோம். ஒவ்வொரு குடும்பமும் தன் தன் கட்டம் போட்ட துணியோடு வரும். கரேன்காரர்கள் அவர்கள் நெய்ததை, சின்காரர்கள் அவர்கள் நெய்ததை, நம் தமிழ்ச் சனங்கள் பெட்டியில் கிடைத்த கைலியையோ சேலையையோ. பேழைக்குள்ளிருந்து எடுத்தது மாதிரி துரையின் துணி மட்டும் திருவிருந்து மேசை மேல் விரிந்து கிடக்கும். கேசட்டில் பைப் வாத்தியம் முழங்கும். கரண்ட் போனால் அது ஆடு கத்துகிற மாதிரி இழுத்து நிற்கும். பிறகு சயா அந்தக் கதையைச் சொல்வார். அந்தக் காலத்தில் ஸ்காட்லாந்தில் ராஜா இந்தக் கட்டத்துணியைத் தடை செய்தான். சனங்கள் ஒரு துண்டைக் கிழித்து உடுப்புக்குள் ஒளித்துக்கொண்டு சர்ச்சுக்கு வந்தார்கள். ஆசீர்வாதம் சொல்லும்போது யாருக்கும் தெரியாமல் அதைத் தொட்டுக்கொண்டார்கள். அதன் பிறகு குடும்பப் பெயர்களைக் கூப்பிடுவார். பெயர் வந்ததும் துணியைத் தூக்கிப் பிடித்து "இருக்கிறோம்" என்று சொல்ல வேண்டும். ஆள் இல்லாத பெயரை அடுத்த வருஷம் கூப்பிட மாட்டார்கள். துரை பெயர் மட்டும் விதிவிலக்கு.

முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், இதே நவம்பர். மேசைத்துணி துவைக்கிற வேலை நம் இரண்டு பேருக்கும். நீ உன் அப்பாவைப் பறிகொடுத்த வருஷம், மனசு சரியில்லை என்று அந்த வாரம் வரவில்லை. நான் தனியாகப் பெட்டியைத் திறந்தேன். துரையின் துணி கம்பளி. அழுக்கு ஏறி, ஓர் ஆட்டுக்கடா படுத்து எழுந்த வாசனை. கர்த்தருடைய மேசையில் இதையா விரிப்பது என்று எனக்கு மனசு ஒப்பவில்லை. மேசைவிரிப்பைச் சோடா உப்புப் போட்டு அடுப்பில் கொதிக்க வைப்பதுதானே நம் வழக்கம்? இதையும் அதே அண்டாவில் போட்டேன். கொதிக்கக் கொதிக்கக் கழியால் குத்தினேன். கல்லில் அடித்தேன். மொட்டை மாடி வெயிலில் காயப் போட்டேன். கம்பளி வெந்நீரில் சுருங்கும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? இந்த ஊர் வெயிலில் பிறந்து வளர்ந்தவளுக்குக் கம்பளியோடு என்ன சம்பந்தம்? சாயங்காலம் எடுக்கப் போனால், மேசையின் இரண்டு பக்கமும் தொங்கிய துணி கைத்துண்டு அளவுக்கு இறுகி, அட்டை மாதிரி விறைத்துக் கிடந்தது.

அதைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு உன் வீட்டுக்கு ஓடிவந்தேன். போட்டாதாங் துறைமுகத்துக்குப் பின்னால் அந்த மர வீட்டு மாடி. நீ அதை வாங்கிப் பார்த்தாய். முன்னும் பின்னும் திருப்பினாய். பிறகு சிரித்தாய் பார், அப்பா செத்து எட்டு மாசம் கழித்து நீ சிரித்த முதல் சிரிப்பு அது.

"அடிப் பாவி, துரைய வேக வச்சுட்டியேடி!"

"சிரிக்காதே. என்னை வெளியே அனுப்பிருவாங்க. சயா மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

"சும்மா இரு பயந்தாங்கொள்ளி. நான் பாத்துக்கறேன்."

நீ உள்ளே போய் ஒரு கைலியை எடுத்து வந்தாய். கரும்பச்சையும் நீலமுமாகப் பெரிய கட்டம். உன் அப்பாவுடையது. துறைமுகத்தில் மூட்டை தூக்கிய மனுஷன் தீபாவளிக்கு மட்டும் கட்டிய மதராஸ் கைலி. துரையின் துணியிலும் அதே பச்சை, அதே நீலம். ஊடே ஓடுகிற நூல்கோடு மட்டும் அதில் வெள்ளை, இதில் சிவப்பு. நான் வேண்டாம் வேண்டாம் என்றேன். நீ கேட்டாயா? மூட்டிய தையலைப் பல்லால் கடித்துப் பிரித்தாய். ஓரத்தில் நூலை உருவிக் குஞ்சம் விட்டாய். நீளம் போதவில்லை என்று மேசையின் இரண்டு கோடியிலும் பூந்தொட்டியை வைத்து மறைத்தாய். அந்தப் பூந்தொட்டிகளை இன்னும் வைக்கிறார்கள். போன வருஷம் யாரோ ஒருவர் அவை பழைய ஏற்பாட்டையும் புதிய ஏற்பாட்டையும் குறிக்கின்றன என்று பிள்ளைகளுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். நீ என் இடுப்பில் கிள்ளினாய்.

அந்த முதல் ஞாயிறு, பழைய சயா ஜெபிக்கக் கையை வைத்தவர் ஒரு கணம் நின்றார். துணியை விரல்களால் நெருடினார். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. பிறகு கண்ணை மூடி ஜெபத்தைத் தொடர்ந்தார். ஆராதனை முடிந்து போகும்போது உன்னிடம், "இந்த வருஷம் துணி மெத்துன்னு இருக்கும்மா" என்று மட்டும் சொன்னார். தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா என்று நான் பத்து வருஷம் தூக்கம் கெட்டேன். நீ கவலையே படவில்லை.

நீ எதற்காகச் செய்தாய் என்று எனக்கு அப்புறம்தான் புரிந்தது. கல்யாணமாகி நீ சர்ச்சுக்கு வந்தாய். உன் அப்பா கடைசி வரைக்கும் மாரியம்மன் கோயில்காரர். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை உன்னைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, ஆராதனை முடியும் வரை வாசலில் பாதாம் மரத்தடியில் காத்திருப்பார். மழையில்கூட. நான் ஒரு தரம் "உள்ள வந்து உக்காருங்க மாமா" என்று கூப்பிட்டேன். "வேணாம்மா. எங்க சாமிக்கும் கோவம் வரும், உங்க சாமிக்கும் கோவம் வரும். நான் நடுவுல நிக்கிறேன்" என்றார். அந்த மனுஷனுடைய கைலியை நீ மேசை மேல் விரித்தாய். துரை பெயரைக் கூப்பிட்டதும், மேசைக்குப் பொறுப்பானவள் என்ற சாக்கில் எழுந்து போய், அந்தத் துணியின் மூலையைப் பிடித்துக்கொண்டு, "இருக்கிறோம்" என்றாய். எல்லோரும் துரைக்காகச் சொல்கிறாய் என்று நினைத்தார்கள். நீ உட்கார வந்து என் காதில் சொன்னது ஒன்றுதான்: "வெளிய நின்னவரு உள்ள வந்துட்டாரு எஸ்தரு."

அதன் பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் ஒரு வருஷம்கூட நீ தவறவில்லை.

இப்போது சொல், நான் என்ன செய்ய? வாயை மூடிக்கொண்டு அந்த அம்மாளை உன் அப்பா கைலியைத் தொட்டுக் கண்ணீர் விட வைக்கவா? பக்கத்தில் கழுத்துத் துண்டை வைத்தால் குட்டு தானாகவே உடையும், அது வேறு. உண்மையைச் சொன்னால்? கைலியை எடுத்து என் கையில் கொடுப்பார்கள். உன் அப்பாவை நானே கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியது போல் ஆகும். திரும்ப அந்த மரத்தடிக்கு. உன்னால் எல்லாவற்றுக்கும் சிரிக்க முடியும். எனக்கு முடியாது.

சனிக்கிழமை

நேற்று முழுக்கச் சோறு இறங்கவில்லை. அந்தச் சுருங்கிய துண்டையாவது அந்த அம்மாள் கையில் கொடுக்க முடிந்தால் பரவாயில்லையே என்று திடீரென்று ஒரு யோசனை. நீ அதை ஆற்றில் விட்டெறிந்துவிட்டதாகச் சொன்னாய். ஆனால் நீ எதையும் எறிகிறவளா? கிழிந்த ரவிக்கையின் கொக்கியைக்கூட டப்பாவில் போட்டு வைப்பாய். அதனால் இன்று காலை பஸ் ஏறி, தொழிற்சாலைகள் இருக்கிற லைங் தாயாவுக்குப் போனேன்.

உன் மகள் நிலா மதியச் சாப்பாட்டு நேரத்தில் தையல் தொழிற்சாலை வாசலுக்கு வந்து என்னைக் கூட்டிப் போனாள். கன்னத்தில் தனாக்காப் பூச்சு, காதில் பருத்தி நூல் பிசிறு. நீ கடைசியாகப் படுத்திருந்த அந்த அறைக்கே போனோம். இப்போது அவளோடு இன்னும் மூன்று பெண்கள் இருக்கிறார்கள். உன் கட்டில் கிடந்த இடத்தில் அரிசி மூட்டை. எனக்கு உட்கார மனசில்லை. நின்றுகொண்டே பாதி பர்மியிலும் பாதி தமிழிலும் கேட்டேன்: அம்மாவுடைய பழைய சாமானில் பச்சையாக, தடியாக, சின்னக் கம்பளித் துண்டு ஒன்று இருந்ததா?

நிலா கொஞ்சம் யோசித்தாள். அலமாரிக்குப் பக்கத்தில் குனிந்து, இஸ்திரிப் பெட்டிக்கு அடியிலிருந்து எதையோ உருவினாள்.

"இதுவா ஆன்ட்டி? அம்மா அயர்ன் பாக்ஸு இதுமேலதான் வெப்பாங்க. சூடு கீழ எறங்காது."

அடியே! அடியே, உன்னை என்ன சொல்லித் திட்ட! துரையின் தோளில் கிடந்த துணியை முப்பத்திரண்டு வருஷம் இஸ்திரிப் பெட்டிக்கு மெத்தையாகப் போட்டு வைத்திருக்கிறாய். நடுவில் கரிந்து, இஸ்திரிப் பெட்டியின் மூக்கு அப்படியே பதிந்திருக்கிறது. இதை நான் அந்த அம்மாளிடம் எப்படி நீட்டுவேன்? எனக்கு அழுகை வந்தது. நிலா பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

அவளிடம் சொல்லிவிட்டேன். முதல் தடவையாக, உனக்கு அடுத்து இன்னொரு ஆளிடம். தாத்தாவின் கைலி சர்ச் மேசை மேல் கிடக்கிறது என்றதும், "தாத்தாவோடதா? அம்மா எனக்குச் சொல்லவே இல்ல" என்றாள். அவள் பிறப்பதற்கு முன்னாலேயே போன மனுஷன். ஒரு படம்கூடக் கிடையாது. அவரைப் பற்றி அவளுக்குப் பெயர் மட்டும்தான் தெரியும்.

"நாளைக்கு வாயேன்டி. ஒருவேளை அது மேசை மேல கிடக்கிற கடைசி தடவையா இருக்கும்."

"நாளைக்கு ஓவர்டைம் ஆன்ட்டி. அப்புறம் எனக்கு சர்ச்சும் தெரியாது, தமிழும் சரியா பேச வராது. நான் வந்து என்ன பண்ண?" பிறகு என் முகத்தைப் பார்த்து, இந்த ஊரார் எதற்கும் சொல்வார்களே, அதைச் சொன்னாள்: "கெய்ஸ மஷிபூ, ஆன்ட்டி." ஒன்றும் இல்லையாம், கவலைப்பட வேண்டாமாம். அம்மாவைப் போலவே மகள்.

துண்டைக் காகிதத்தில் சுற்றிப் பையில் வைத்திருக்கிறேன். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அது இருக்கிறதா இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை

மத்தியானம் மூன்று மணி. இன்னும் உடுப்புக்கூட மாற்றவில்லை. ஒன்றும் விடாமல் சொல்கிறேன்.

ஏழு மணிக்கே போய் மேசை மேல் விரித்தேன். பூந்தொட்டிகளை வைத்தேன். எட்டு மணிக்கு அந்த அம்மாள் வந்துவிட்டாள். ஒல்லி, உயரம், வெயிலில் சிவந்த மூக்கு. சயா அறிமுகம் செய்தார். கப்பல் ஆபீசில் தட்டச்சு செய்த காலத்து இங்கிலீஷ் எனக்கு நாக்கு நுனி வரை வந்து நின்றது. அவளுக்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டும் என்று வழியெல்லாம் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அவள் என்னைத் தாண்டிப் போய்த் துணி மேல் உள்ளங்கையை வைத்துவிட்டாள்.

ஒரு நொடிதான்.

"இது பருத்தி அல்லவா?" என்றாள்.

சயா என்னைப் பார்த்தார். மனப்பாடம் செய்ததெல்லாம் போன இடம் தெரியவில்லை. பையைத் திறந்தேன், காகிதத்தைப் பிரித்தேன், அந்தக் கரிந்த துண்டை இரண்டு கையாலும் நீட்டினேன். "இதுதான் உங்க தாத்தாவோடது. நான் கொதிக்க வச்சுட்டேன்" என்றேன். அதன் பிறகு அணை உடைந்த மாதிரி எல்லாவற்றையும் கொட்டினேன். அண்டா, சோடா உப்பு, கல், கைலி, நீ, உன் அப்பா, இஸ்திரிப் பெட்டி. பாதி அவளுக்குப் புரிந்ததோ என்னவோ.

அவள் அந்தத் துண்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். மோந்து பார்த்தாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். அழவில்லை, சிரிக்கிறாள். உன்னைப் போலவே, மூச்சு விடாமல். "என் அம்மா என் அப்பாவின் ஸ்வெட்டரை இப்படித்தான் செய்தாள். கடைசியில் அதைப் பொம்மைக்குப் போட்டோம். எங்கள் ஊரில் இதைச் செய்யாத வீடு கிடையாது" என்றாள். முப்பத்திரண்டு வருஷம் நான் பட்ட பயம் அவளுக்கு வீட்டுக்கு வீடு நடக்கிற கூத்து. எனக்குக் கோபம்கூட வந்தது, போ.

பிறகு கேட்டாள், எங்களுக்கு இந்த ஆராதனை எங்கிருந்து வந்தது என்று. உங்களிடமிருந்துதான் என்றேன். அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். அவள் ஊரில் இப்படி ஒரு ஆராதனையை அவள் பார்த்ததே இல்லையாம்! இது அமெரிக்காவில் நடப்பதாம். ஸ்காட்லாந்திலிருந்து அங்கே குடியேறிய போதகர் ஒருவர் யுத்த காலத்தில் ஊருக்கு உதவி திரட்ட ஆரம்பித்ததாம். துணிக்குத் தடை இருந்தது வாஸ்தவம், ஆனால் ஒளித்து வைத்து ஆசீர்வாதம் வாங்கினார்கள் என்பதற்கு யாரும் ஆதாரம் காட்டியதில்லையாம். குடும்பத்துக்கு ஒரு கட்டம் என்பதுகூடப் பெரும்பாலும் பின்னாளில் ஜவுளிக்காரர்கள் வகுத்ததாம். எனக்குப் பின்னறைச் சுவரில் மாட்டியிருக்கும் படம் ஞாபகம் வந்தது. பழைய சயா இளவயதில் பனியில் நடுங்கிக்கொண்டு நிற்பாரே, அது அமெரிக்கா. இரண்டு வருஷம் அங்கே படித்தார். அவர்தான் கொண்டுவந்திருக்கிறார், அடியே. துரைமார் விட்டுப்போனது என்று நாம் பயபக்தியோடு காத்தது, ஒரு பர்மாக்காரர் அமெரிக்காவில் பார்த்துவந்தது.

"மதராஸ் கட்டம் அழகு. எங்கள் பட்டாளத்தைப் பார்த்து உங்கள் நெசவாளர்கள் போட்டது என்று எங்கள் பக்கம் சொல்வார்கள்" என்றாள்.

"அதுக்கு முன்னாடியே எங்க ஆளுங்க நெஞ்சாங்க" என்றேன். அந்த நடுக்கத்திலும் எனக்கு எங்கிருந்து வாய் வந்ததோ.

"அப்படியும் சொல்வார்கள்" என்று சிரித்தாள்.

ஆனால் சயா சிரிக்கவில்லை. அவர் கைலியைப் பார்த்துக்கொண்டே நின்றார். மணி அடிக்க இன்னும் கால் மணி. எனக்கு அதுதான் பயம், அந்த அம்மாள் இல்லை. "அப்போ மேசை மேல இது வேற ஒருத்தரோட துணி" என்றார். ஆமாம் என்றேன். "அவரு நம்ம சபை இல்ல." இல்லை என்றேன். அதன் பிறகு ஒன்று சொன்னேன், அடியே. நான் யோசித்துச் சொன்னது இல்லை.

"சயா, நீங்க வருஷா வருஷம் ஒரு கதை சொல்றீங்க. துணிய ஒளிச்சு வச்சு, ஆசீர்வாதம் சொல்றப்ப யாருக்கும் தெரியாம தொட்டாங்கன்னு. அது அங்க நடந்துச்சோ இல்லையோ எனக்குத் தெரியாது. இங்க நடந்துச்சு. நான் பக்கத்துல நின்னு பாத்தேன்."

அவர் கைலியின் ஓரத்தை நேராக இழுத்துவிட்டார். பிறகு, "எனக்கு மேசை மேல பொய் கிடக்கக் கூடாது ஆன்ட்டி. மக்ரே பேரை நான் கூப்பிடறேன். இவரு பேரை நீங்க எழுந்து கூப்பிடுங்க. பதில் சொல்ல ஆள் இருந்தா துணி கிடக்கட்டும், இல்லேன்னா மடிச்சு வச்சிருங்க. எல்லாருக்கும் இருக்கிற வழக்கம்தான்" என்று சொல்லிவிட்டு அங்கியைப் போடப் போனார்.

ஆள் எங்கே இருக்கிறது? பதில் சொல்ல நீ இல்லை. உன் வீட்டுக்காரர் போய் எத்தனை வருஷம் ஆயிற்று. நிலா தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருப்பாள். நானே சொல்லிவிடலாமா என்றால், பெயரைக் கூப்பிடுகிறவளே பதிலும் சொன்னால் அது என்ன வழக்கம்? பாட்டு என்ன பாடினார்கள், பிரசங்கம் என்ன என்று எனக்குத் தெரியாது. பைப் கேசட் நடுவில் கரண்ட் போய் ஆடு கத்தியது, அது மட்டும் ஞாபகம். பெயர்கள் ஆரம்பித்தன. ஒவ்வொரு பெயருக்கும் துணிகள் எழுந்து எழுந்து இறங்கின. "மக்ரே" என்றார் சயா. அந்த அம்மாள் எழுந்து, கைத்துண்டு அளவு கம்பளியை, இஸ்திரிப் பெட்டியின் மூக்கு பதிந்ததை, தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள். சபை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பிறகு சயா என்னைப் பார்த்தார்.

எழுந்தேன். மேசைக்குப் போனேன். கைலியின் இடது மூலையில், நீ வருஷா வருஷம் பிடித்த இடத்தில், பச்சை வெளுத்து நூல் தெரிகிறது. அதைப் பிடித்துக்கொண்டேன். நான் செய்ததைச் சொன்னேன், இது யாருடைய கைலி என்று சொன்னேன். தமிழில் சொன்னேனா பர்மியில் சொன்னேனா என்று இப்போது நினைவில்லை. முன்வரிசையில் யாரோ "ஐயையோ" என்றது கேட்டது. பிறகு கூப்பிட்டேன்.

"காத்தமுத்து."

ஒரு சத்தம் இல்லை. மின்விசிறிகூட நின்றிருந்ததே, சுத்தமாக ஒரு சத்தம் இல்லை. எத்தனை நேரம் நின்றிருப்பேன் என்று தெரியாது. மூலையை விட்டுவிட்டு மடிக்கத் தொடங்கினால் முடிந்தது என்று எனக்குத் தெரியும். அதனால் விடாமல் நின்றேன். இன்னொரு தரம் கூப்பிட்டேன், இந்த முறை கொஞ்சம் கத்தி.

வாசலில் இருந்து பதில் வந்தது. "ஷி பா தே!"

தொழிற்சாலையில் காலையில் வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடும்போது சொல்வார்களே, இருக்கிறேன் என்று, அந்தக் குரலில், அந்த வேகத்தில், கையையும் தூக்கிக்கொண்டு. நிலா ஓவர்டைமை விட்டுவிட்டு வந்து பாதாம் மரத்தடியில் நின்றிருக்கிறாள், அடியே. உள்ளே வரலாமா கூடாதா என்று தெரியாமல் அவ்வளவு நேரமும் அங்கேயே நின்றிருக்கிறாள். தாத்தா பெயர் காதில் விழுந்ததும் தன்னைக் கூப்பிட்டது மாதிரி பதில் சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டு, எல்லோரும் பார்க்கிறார்கள் என்று தெரிந்து வெட்கப்பட்டுச் செருப்பைக் கழற்றி விட்டு உள்ளே வந்தாள். இங்கே யாரும் செருப்பைக் கழற்றுவதில்லை என்று அவளுக்கு யார் சொல்வது? வெறும் காலோடு நடுவழியே நடந்து என் பக்கத்தில் வந்து நின்றாள். நான் கைலியின் அடுத்த மூலையை அவள் கையில் கொடுத்தேன். இரண்டு பேருமாகத் தூக்கிப் பிடித்தோம். சயா ஜெபத்தை ஆரம்பித்தார்.

முன்வரிசை "ஐயையோ"க்கள் அடுத்த வாரம் கூட்டத்தில் என்ன பேசுவார்கள் என்று இப்போதே எனக்குக் கலக்கம்தான். நான் மாறிவிட்டேன் என்று நினைக்காதே. கடைசி வரைக்கும் இந்தப் பயம் என்னோடுதான் இருக்கும். ஆனால் மூலை வெளுத்த இடத்தை என் கட்டைவிரல் இன்னும் பிடித்திருக்கிற மாதிரியே இருக்கிறது. சாவி இடுப்பில் இருக்கிறது. அடுத்த வருஷம் கூப்பிட வேண்டிய பெயர்களில் ஒன்று கூடியிருக்கிறது, அதைச் சயா தன் கையாலேயே எழுதிக்கொண்டார்.

அந்த அம்மாள் கரிந்த துண்டைக் கழுத்துத் துண்டுக்குள் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள். எல்லோரும் மொஹிங்கா சாப்பிடப் போன பிறகு நிலாவும் நானும் பின்னறையில் கைலியை மடித்தோம். அவள் அதை மூக்கில் வைத்துப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். அந்துருண்டை.

"இத எப்படி தொவைக்கறது ஆன்ட்டி? கொதிக்க வெக்கலாமா?"

அடக்க முடியாமல் நானும் சிரித்துவிட்டேன், உன் சிரிப்பை.

"வைக்கலாம். இது தாங்கும்."